மெய்யான விசுவாசத்திற்குச் சான்றளிப்பவர் யார்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்டையார்பேட்டையின் குறுக்குத் தெருக்களில் நடப்பவர்கள் பிரசங்கத்தைக் கேட்காமல் கடந்துவிட முடியாது. துறைமுகத்தை நோக்கி வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளுக்கும், எண்ணெய்க் கிடங்குகளுக்கும், கொருக்குப்பேட்டையின் சரக்கு இரயில் பாதைகளுக்கும் இடையில் நெருங்கிக் கிடக்கின்றன உழைக்கும் மக்களின் குடியிருப்புகள். அங்கே மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட ஜெப வீடுகள் உண்டு. கோபுரம் வைத்த பழைய தேவாலயங்களும் உண்டு. ஒலிபெருக்கியில் வரும் குரல்கள் வேறுபடலாம். ஆனால், பிரசங்கம் பெரும்பாலும் இரண்டு கேள்விகளையே சுற்றி வருகிறது. இயேசு யார்? அவர்மீது நீ வைத்திருக்கும் விசுவாசம் மெய்யானதா?

அந்த ஆராதனையில் அமர்ந்திருக்கும் தலித் குடும்பம் ஒன்றின் பிள்ளை, கல்லூரிச் சேர்க்கைக்காகச் சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது மூன்றாவது கேள்வி ஒன்று எழுகிறது. நீ எந்த மதம்? முதலிரண்டு கேள்விகளுக்கும் ஜெப வீட்டில் உரக்கச் சொன்ன விடையை அப்படியே விண்ணப்பத்திலும் எழுதினால், அந்தப் பிள்ளை பட்டியல் சாதியினர் என்ற நிலையை இழக்கிறது. மாற்றி எழுதினால், விசுவாசம் பொய்யா, விண்ணப்பம் பொய்யா என்ற ஐயத்துக்கு ஆளாகிறது. இந்த இக்கட்டு ஒரு குடும்பத்தினுடையது அன்று. தமிழ்நாடெங்கும் வாழும் தலித் கிறித்தவர்களுடையது.

நாம் இங்கே எந்த மதத்தையும் பரப்பவோ மறுக்கவோ முனையவில்லை. மெய்யான விசுவாசம் எது என்ற கேள்வி ஏறத்தாழ 200 ஆண்டுகளாகத் தலித்துகளை நோக்கியே ஐயத்தோடு வீசப்பட்டு வருகிறது. மிஷனரியும் கேட்டார், தேசியத் தலைவரும் கேட்டார், சட்டமன்றமும் நீதிமன்றமும் கேட்கின்றன. கேட்பவர்களுக்கு அந்தத் தகுதி எங்கிருந்து வந்தது என்பதையும், கிறித்தவப் பிரசங்கமே முன்வைக்கும் அளவுகோலால் அளந்தால் யாருடைய விசுவாசம் சோதனைக்கு உள்ளாகும் என்பதையும் விளக்குவதே நம் நோக்கம்.

பிரசங்கத்தின் அளவுகோல்

இயேசு யார் என்ற கேள்வியைப் பிரசங்கிகள் தாங்களாக உண்டாக்கவில்லை. நற்செய்தி நூல்களின்படி, செசரியா பிலிப்பு என்னும் இடத்தில் இயேசுவே தம் சீடர்களிடம் அதைக் கேட்கிறார். மக்கள் தம்மை யாரென்று சொல்கிறார்கள் என்று முதலில் வினவுகிறார். பழைய இறைவாக்கினர்களுள் ஒருவர் என்ற விடைகள் வருகின்றன. பிறகு, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்கிறார். பேதுரு, அவரே மேசியா என்று அறிக்கையிடுகிறார்.

பல பிரசங்கங்கள் இந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன. கதை நிற்பதில்லை. தாம் ஆட்சியாளர்களின் கையில் பாடுபட்டுக் கொல்லப்படப் போவதாக இயேசு சொன்னவுடன், அதே பேதுரு அவரைத் தடுக்கிறார்; கடுமையாகக் கண்டிக்கவும் படுகிறார். சரியான பட்டத்தைச் சொன்னவர், அந்தப் பட்டத்திற்கு உரியவரின் வழியை ஏற்க மறுத்தார் என்பதே அங்கு வெளிப்படும் உண்மை. ஆகவே, இயேசுவின் அடையாளத்தைச் சொற்களால் சரியாகச் சொல்வதும் மெய்யான விசுவாசமும் ஒன்றல்ல என்று கிறித்தவ மறைநூலே எச்சரிக்கிறது.

மத்தேயு நற்செய்தியின் மலைப்பொழிவு, ஆண்டவரே என்று அழைப்பதாலேயே ஒருவர் விண்ணரசில் நுழைந்துவிட முடியாது என்கிறது. அதே நூலின் இறுதித் தீர்ப்புக் காட்சியில் கேட்கப்படும் கேள்விகள் கோட்பாட்டைப் பற்றியவை அல்ல. பசித்தவருக்கு உணவளித்தாயா, சிறையிலிருந்தவரைப் பார்க்கச் சென்றாயா, அந்நியரை ஏற்றுக்கொண்டாயா என்பவையே அவை. செயலற்ற விசுவாசம் செத்தது என்பது யாக்கோபு திருமுகத்தின் வாதம். இந்த அளவுகோலில் இரண்டு கூறுகள் உள்ளன. ஒன்று, விசுவாசத்தின் மெய்மை ஒடுக்கப்பட்டவரை நடத்தும் விதத்தில் தெரியவரும். மற்றொன்று, அந்தத் தீர்ப்பைச் சொல்லும் உரிமை எந்த மனித அலுவலகத்திற்கும் கொடுக்கப்படவில்லை.

வட சென்னைப் பெண்கள் சொன்ன விடை

வட சென்னையின் ஜெப வீடுகளில் இயேசு யாராக அறியப்படுகிறார் என்பதை மானுடவியலாளர் நதானியேல் ராபர்ட்ஸ் ஆராய்ந்திருக்கிறார். தலித் மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஒரு குடிசைப் பகுதியில் தங்கி அவர் நடத்திய கள ஆய்வு, 2016இல் கலிபோர்னியா பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் நூலாக வெளிவந்தது. மக்களின் பாதுகாப்புக் கருதி அப்பகுதிக்கு அவர் ‘அன்பு நகர்’ என்று புனைபெயர் இட்டார். சிறிய பெந்தெகொஸ்தே சபைகளும் அவற்றில் பெருந்தொகையாகச் சேர்ந்த பெண்களுமே அவருடைய ஆய்வின் மையம்.

மதமாற்றம் குறித்துத் தொலைக்காட்சி விவாதங்களில் நாம் கேட்கும் இரு தரப்புகளுக்கும் அந்நூல் இடமளிக்கவில்லை. பாலுக்கும் ரொட்டிக்கும் மதம் மாறினார்கள் என்பது ஒரு தரப்பு. சாதி இழிவிலிருந்து தப்பிக்கத் திட்டமிட்டு மாறினார்கள் என்பது மறுதரப்பு. அன்பு நகர் மக்களோ ஒரு தெய்வத்தை எளிய முறையில் சோதித்தார்கள்: கூப்பிட்ட குரலுக்குச் செவிகொடுக்கிறதா, கைவிடாமல் பார்த்துக்கொள்கிறதா? குடிகாரக் கணவன், தீராத நோய், கழுத்தை நெரிக்கும் வட்டிக் கடன் என்று வீட்டுக்குள் தனித்தனியாகச் சுமந்த துயரங்களைப் பெண்கள் சபைக்குக் கொண்டுவந்தனர். அவமானமென்று மறைத்து வைத்தவை அங்கே எல்லாரும் சேர்ந்து மன்றாடும் பொதுச் செய்தியாயின. அவர்களுடைய இயேசு, துன்பத்தை அறிந்தவர், துன்பப்படுகிறவளை அறிந்தவர்.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. அங்கிருந்த இந்துக்களும் கிறித்தவர்களும் ஒரே குடும்பங்களிலும் ஒரே சந்துகளிலும் வாழ்ந்தனர்; மதம் அவர்களைப் பகைவர்களாக்கவில்லை. அடுத்து, விசுவாசத்தையும் உலகியல் தேவையையும் அவர்கள் இரு வேறு பெட்டிகளில் வைக்கவில்லை. சோறும் மருந்தும் மரியாதையும் கேட்டு மன்றாடுவது பொய்யான பக்தி என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. நற்செய்தி நூல்களில் இயேசுவை நாடி வந்த கூட்டமும் பசியோடும் நோயோடும் வந்த கூட்டம்தான். அவர்களுள் ஒருவரையும், உன் நோக்கம் ஆன்மிகமா பொருளாதாரமா என்று கேட்டு அவர் திருப்பி அனுப்பியதாக அந்நூல்கள் சொல்லவில்லை.

ஐயத்தின் வரலாறு

அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் பிறகு வந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் பறையர் மக்கள் மிஷனரிகளை நாடிச் சென்றனர். மிராசுதாரர்களின் கீழ்ப் பண்ணையடிமைகளாக வைக்கப்பட்டிருந்த அவர்கள், குடியிருக்கும் மனைக்கும் பயிரிடும் நிலத்திற்கும் உரிமை வேண்டி நின்றனர். மாவட்ட ஆட்சியர் டிரெமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையும், அதன் தொடர்ச்சியாக 1892இல் பிறந்த பஞ்சமி நில அரசாணையும் இந்தப் பின்னணியில் தோன்றியவையே. மிஷனரிகள் சிலர் அம்மக்களுக்காக அரசிடம் வாதாடினர் என்பது உண்மை. அதே மிஷனரி வட்டாரங்கள் தலித்துகளின் விசுவாசத்தை ஓயாமல் ஐயுற்றதும் உண்மை. வயிற்றுக்காக வருகிறவர்கள், உள்ளத்தால் மாறாதவர்கள் என்ற குற்றச்சாட்டு அவர்கள்மீது நிலைத்தது. வரலாற்றாசிரியர் ரூபா விஸ்வநாத், 2014இல் வெளியான தம் நூலில் இதை விரிவாக ஆராய்ந்துள்ளார். ஆன்மிகம் வேறு, வாழ்வாதாரம் வேறு என்ற பிரிவினை, அடிமைத்தனத்தை மதச் சிக்கலாகச் சுருக்கி, நிலவுடைமையாளரின் அதிகாரத்தைக் கேள்விக்கு அப்பால் வைக்க உதவியது என்பதே அவருடைய ஆய்விலிருந்து நாம் பெறும் பாடம்.

1936இல் இந்த ஐயம் இன்னொரு வாயிலிருந்து வந்தது. மதமாற்றப் போவதாக அண்ணல் அம்பேத்கர் 1935இல் இயோலாவில் அறிவித்திருந்த காலம் அது. அமெரிக்க மிஷனரித் தலைவர் ஜான் மோட்டுடன் உரையாடிய காந்தி, பசுவிடம் போய் நற்செய்தி சொல்வீர்களா என்று கேட்டார். தீண்டப்படாதவர்களுள் சிலர் புரிந்துகொள்ளும் ஆற்றலில் பசுவினும் கீழ்நிலையில் இருக்கிறார்கள் என்ற பொருளிலும் பேசினார். அவருடைய ‘ஹரிஜன்’ இதழிலேயே அது அச்சேறியது. இயேசு யார் என்று சிந்தித்து முடிவெடுக்கும் அறிவு தலித்துகளுக்கு இல்லை என்பதே அக்கூற்றின் சாரம். விசுவாசம் மெய்யா பொய்யா என்ற கேள்வி, இங்கே விசுவாசிக்கும் திறனே உண்டா என்ற கேள்வியாக இறங்கிவிட்டது.

விடுதலைக்குப் பின் அந்தப் பார்வை சட்டத்தின் மொழியைக் கற்றுக்கொண்டது. மதத்தைப் பரப்பும் உரிமையில் பிறரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று ஸ்தனிஸ்லாஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் 1977இல் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் ஜெயலலிதா அரசு 2002 அக்டோபரில் கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்து, பின்னர் அதைச் சட்டமாக்கியது. தண்டனை 3 ஆண்டுச் சிறையும் 50,000 ரூபாய் அபராதமும் வரை என்றது அச்சட்டம். மதம் மாற்றப்படுபவர் பெண்ணாகவோ, சிறாராகவோ, பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ இருந்தால் தண்டனை 4 ஆண்டும் 1 இலட்சம் ரூபாயும் வரை உயரும். பெண்களையும் தலித்துகளையும் சிறுபிள்ளைகளோடு ஒரே வரிசையில் நிறுத்தி, இவர்களுக்குச் சொந்த முடிவு இராது என்று சட்டமே அனுமானித்தது. தெய்வத்தின் கோபத்தைச் சொல்லி அச்சுறுத்துவதும் வற்புறுத்தல் என்ற வரையறைக்குள் வந்தது. அதன்படி, நரகத்தைப் பற்றிய ஒரு சாதாரண ஞாயிறு பிரசங்கமும் காவல்துறையின் விசாரணைக்கு உரியதாகலாம். 2004இல் அச்சட்டம் திரும்பப் பெறப்பட்டது. ஆனால், அதன் அனுமானம் பல மாநிலச் சட்டங்களில் இன்றும் உயிரோடு இருக்கிறது.

விசுவாசத்தின் விலை

இந்த வரலாற்றின் மிக நீண்ட நிழல் 1950இல் விழுந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 10 அன்று குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதியினர் ஆணையின் 3ஆம் பத்தி, இந்து மதம் அல்லாத பிற மதத்தைப் பின்பற்றுபவர் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்றது. 1956இல் சீக்கியர்களுக்கும் 1990இல் பவுத்தர்களுக்கும் கதவு திறக்கப்பட்டது. தலித் கிறித்தவர்களுக்கும் தலித் முஸ்லிம்களுக்கும் அது மூடியே இருக்கிறது. தமிழ்நாட்டில் கிறித்தவத்துக்கு மாறிய பட்டியல் சாதியினர், எத்தனை தலைமுறை ஆனாலும், பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்படுகின்றனர். பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காடு அவர்களுக்கு இல்லை. தனித்தொகுதியில் போட்டியிட முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் கைநழுவுகிறது. கிறித்தவராக மாறியவர் அச்சட்டத்தின்கீழ் முறையிட முடியாது என்று ஆந்திரப் பிரதேச உயர்நீதிமன்றம் 2025இல் கூறியது. அடித்தவனின் கண்ணுக்கு அவர் இன்றும் தலித்தே. நீதிமன்றத்தின் கண்ணுக்கு மட்டும் இல்லை.

இந்த ஆணையை எதிர்த்து எழுந்த முதன்மையான வழக்குகளுள் ஒன்று சென்னையின் தெருவோரத்திலிருந்து புறப்பட்டது. செருப்புத் தைக்கும் தொழிலாளி சூசை, கிறித்தவராக மாறிய ஆதிதிராவிடர். தெருவோரச் செருப்புத் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகக் கடைப்பெட்டி வழங்கியபோது, கிறித்தவர் என்பதால் அவருக்கு மறுக்கப்பட்டது. அதே வெயிலில் அதே தொழில் செய்த இந்துத் தொழிலாளிக்குக் கிடைத்தது. 1985இல் உச்சநீதிமன்றம் அவருடைய மனுவைத் தள்ளுபடி செய்தது. மதம் மாறிய பின்னரும் சாதியின் இழிவுகள் கிறித்தவச் சமூகத்துக்குள் அதே கடுமையோடு தொடர்வதை நிறுவும் தரவுகள் போதவில்லை என்றது. துன்பத்தைப் பட்டுக்கொண்டிருந்தவரிடமே துன்பத்தின் ஆழத்துக்குச் சான்று கேட்கப்பட்டது.

2024 நவம்பரில் உச்சநீதிமன்றம் அளித்த செல்வராணி வழக்கின் தீர்ப்பு நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. புதுச்சேரியைச் சேர்ந்த அப்பெண் குழந்தைப் பருவத்திலேயே ஞானஸ்நானம் பெற்றவர். அரசுப் பணிக்காக இந்து வள்ளுவன் சாதிச் சான்றிதழ் கோரினார். அவர் தொடர்ந்து தேவாலயத்துக்குச் செல்பவர் என்பதைச் சுட்டிய நீதிமன்றம் கோரிக்கையை நிராகரித்தது. மெய்யான நம்பிக்கை இல்லாமல், இடஒதுக்கீட்டுப் பலனுக்காக மட்டும் ஒரு மதத்தை உரிமை கொண்டாடுவது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்றும் கூறியது.

இதோடு 2021இல் சென்னை உயர்நீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கிறித்தவரை மணந்த தலித் பெண் மருத்துவர் ஒருவரின் மருத்துவமனைச் சுவரில் சிலுவை இருந்தது. அதைக் கண்ட அதிகாரிகள் அவருடைய சாதிச் சான்றிதழை இரத்து செய்தனர். சிலுவையை மாட்டி வைப்பதாலோ, கணவரோடும் பிள்ளைகளோடும் தேவாலயத்துக்குச் செல்வதாலோ ஒருவர் தம் மதத்தைக் கைவிட்டார் என்று முடிவுகட்ட முடியாது என்று கூறி, உயர்நீதிமன்றம் அந்த இரத்தை நீக்கியது.

தீர்ப்புகள் வெவ்வேறு திசையில் செல்கின்றன. முறை ஒன்றுதான். தலித்தின் வீட்டுச் சுவரில் என்ன தொங்குகிறது, ஞாயிறு காலையில் அவர் எங்கே போகிறார் என்று அரசு எட்டிப் பார்க்கிறது. கோயிலுக்கே போகாத சாதி இந்துவின் இந்துத்தன்மையை எந்த வட்டாட்சியரும் விசாரிப்பதில்லை. ஞாயிறு ஆராதனைக்கே வராத ஆதிக்கச் சாதிக் கிறித்தவரின் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழையும் யாரும் அதற்காகப் பறிப்பதில்லை. பக்திக்கு விலை வைக்கப்பட்டிருப்பது தலித்துக்கு மட்டுமே. இயேசுவை வெளிப்படையாக அறிக்கையிடு என்கிறது பிரசங்கம். அறிக்கையிட்டால் உரிமையை விடு என்கிறது அரசு. இந்த இரண்டுக்கும் நடுவே, பள்ளிப் பதிவேட்டில் ஒரு பெயரும் ஜெப வீட்டில் ஒரு பெயருமாக வாழ நேர்பவர்களை மோசடிக்காரர்கள் என்பது, பூட்டிய வீட்டுக்குள் சன்னல் வழியே நுழைந்த வீட்டுக்காரனைத் திருடன் என்பதற்கு ஒப்பாகும்.

மத்திய அரசு அமைத்த ரங்கநாத் மிஸ்ரா ஆணையம், பட்டியல் சாதி நிலையை மதத்திலிருந்து பிரிக்கும்படி 2007இல் பரிந்துரைத்தது. தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரல் 19 அன்று, தலித் கிறித்தவர்களுக்கு அந்நிலை வழங்கக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. 2022 அக்டோபரில் அமைக்கப்பட்ட நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையத்தின் கால வரம்போ நீட்டிக்கப்பட்டே வந்துள்ளது.

சோதிக்கப்பட வேண்டியது சபை

அரசை விமர்சிப்பதோடு நாம் நின்றுவிட்டால் அது நேர்மையாகாது. சூசை வழக்கில் தரவு இல்லை என்று நீதிமன்றம் சொல்ல முடிந்ததற்கு, தன் வீட்டுக்குள் சாதி இல்லை என்று திருச்சபை நீண்ட காலம் நடித்ததும் ஒரு காரணம்.

தண்டையார்பேட்டையிலிருந்து சற்றுத் தொலைவில் உள்ள வேப்பேரியில் இது வெளிப்படையாக வெடித்தது. ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், சாதி வேறுபாடுகளைச் சபைகள் உடனே கைவிட வேண்டும் என்று 1833இல் சுற்றுமடல் அனுப்பினார். தலித்துகளோடு கலந்து அமரவும், ஒரே கிண்ணத்திலிருந்து திருவிருந்து பெறவும் மறுத்த வெள்ளாளக் கிறித்தவர்கள் பெருந்திரளாக வெளியேறினர். இயேசுவின் தெய்வீகத்தில் அவர்களுக்கு ஐயமே இருக்கவில்லை. அறிக்கை முழுவதையும் பிழையின்றிச் சொல்லக்கூடியவர்கள். அவர்களால் இயலாதது பக்கத்தில் அமர்வது ஒன்றே. 1850இல் சென்னை மிஷனரி மாநாடு, சாதியைக் கைவிட்டதற்குச் சமபந்தியில் உண்பதே சான்று என்னும் நிலையை எடுத்தது. லைப்சிக் மிஷன் போன்றவை அதை ஏற்கவில்லை. இந்த மண்ணின் கிறித்தவ வரலாற்றில் விசுவாசத்தின் மெய்மைக்கு வைக்கப்பட்ட மிகச் சரியான சோதனை இதுவே என்போம். அது சாதிக் கிறித்தவரை நோக்கி வைக்கப்பட்ட சோதனை. அதனாலேயே விரைவில் மறக்கப்பட்டது.

தீண்டப்படாதவர்களைக் கிறித்தவராக்குவது குறித்தும் மதம் மாறியவரின் நிலை குறித்தும் அண்ணல் அம்பேத்கர் எழுதிய கட்டுரைகள், அவருடைய ஆங்கிலத் தொகுப்பின் 5ஆம் தொகுதியில் உள்ளன. மதம் மாறியவரின் வாழ்விலிருந்து சாதியை அகற்றக் கிறித்தவம் தவறியதையும், சமூக அநீதிக்கு எதிராக இந்தியக் கிறித்தவர்கள் குரல் எழுப்பாததையும் அவர் அவற்றில் கடுமையாகச் சாடுகிறார். அந்தச் சாடல் பழையதாகிவிடவில்லை. திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் இறந்த தலித்துகளைப் பிரித்து நின்ற சுவரை இடிக்க 2010இல் போராட்டம் நடந்தது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே, சபைக்குள் தீண்டாமை நிலவுவதை 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில் ஒப்புக்கொண்டது. திருச்சி மாவட்டம் கோட்டப்பாளையம் பங்கின் தலித் கத்தோலிக்கர்கள், நிர்வாகத்திலும் திருவிழாவிலும் தாங்கள் ஒதுக்கப்படுவதாகக் கூறி உச்சநீதிமன்றம் வரை சென்றுள்ளனர்.

சிறிய ஜெப வீடுகளும் விசாரணைக்கு அப்பாற்பட்டவை அல்ல. காணிக்கை கொடுத்தால் கடன் தீரும் என்றும், நோய் தீராததற்கு உன் விசுவாசக் குறைவே காரணம் என்றும் பிரசங்கிக்கும் குரல்கள் உண்டு. மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லப்பட வேண்டிய பணத்தை உண்டியலுக்குத் திருப்பும் பிரசங்கம், அன்பு நகரின் பெண்கள் கண்டடைந்த ஆறுதலைக் கொள்ளையிடுகிறது. ஒடுக்கப்பட்டவளின் மீதே மீண்டும் பழியைச் சுமத்துவதால், அதுவும் அதே பழைய ஐயத்தின் வடிவமே.

பாளையத்துக்கு வெளியே நிற்பவர்

அப்படியானால் இயேசு யார்? தலித் இறையியலாளர்கள் இக்கேள்வியைச் சேரியிலிருந்து கேட்டார்கள். அரவிந்த் நிர்மல் 1981இல் பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியில் ஆற்றிய உரை இந்தச் சிந்தனைப் போக்கின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. பின்னர் அவர் சென்னை கீழ்ப்பாக்கத்தின் குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் தலித் இறையியல் துறைக்குத் தலைமை ஏற்றார். இயேசு தலித்துகளுக்கு இரங்கியவர் என்று மட்டும் அவர் சொல்லவில்லை. இயேசுவே தலித் என்றார். மத்தேயு தரும் வம்சாவளியில் தாமாரும் இராகாபும் இருக்கிறார்கள். மதிப்பிழந்தவர்களாகக் கருதப்பட்ட பெண்கள். ஊரார் அவரைத் தச்சனென்று இகழ்ந்தனர். தீட்டுக்குரியோர் எனத் தள்ளப்பட்டவர்களோடு அவர் பந்தியில் அமர்ந்தார். நாசரேத்தின் தொழுகைக்கூடத்தில் ஒடுக்கப்பட்டோரின் விடுதலையையே தம் பணியென அறிவித்தார். சிலுவையில் கைவிடப்பட்டவராகக் கதறினார்.

குருகுலில் பேராசிரியராக இருந்து, 1999 முதல் 2012 வரை சென்னைப் பேராயராகப் பணியாற்றிய வே. தேவசகாயம், நகர வாசலுக்குப் புறம்பே இயேசு பாடுபட்டார் என்ற எபிரெயர் திருமுகத்தின் கருத்தைத் தலித் வாசிப்புக்கு மையமாக்கினார். பாளையத்துக்கு வெளியே என்ற சொல்லைக் கேட்டவுடன் ஊருக்கு வெளியே என்பது நமக்குப் புலப்படுகிறது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் கற்பித்த, பறட்டை அண்ணன் என அறியப்பட்ட தியாபிலஸ் அப்பாவு, நாட்டுப்புற மெட்டிலும் பறையிசையிலும் வழிபாட்டை அமைத்தார். எல்லாரும் ஒரே உலையில் பொங்கிச் சமமாய்ப் பகிர்ந்து உண்பதே அவருடைய இறையியல். சத்தியநாதன் கிளார்க், 1998இல் வெளியான நூலில், தீட்டென்று விலக்கப்பட்ட பறையையே கிறிஸ்துவின் குறியீடாக வாசித்தார்.

இவர்களுடைய விடை வழக்கமான பிரசங்கத்திலிருந்து எங்கே மாறுபடுகிறது? இயேசுவின் அடையாளத்தை வானத்தில் மட்டும் தேடாமல், அவர் நின்ற இடத்தில் தேடுகிறது. நின்ற இடமே அடையாளம் என்றால், மெய்யான விசுவாசம் என்பது அந்த இடத்துக்குப் போய் அவரோடு நிற்பது. அங்கே ஏற்கெனவே நிற்க வைக்கப்பட்டிருப்பவர்களிடம், நீங்கள் உண்மையாக வந்தீர்களா என்று கேட்பதில் பொருளில்லை. வர மறுப்பவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி அது.

மாணவர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் இதிலிருந்து பணிகள் பிறக்கின்றன. ஜெப வீட்டுக்குப் போகும் நம் பெண்களை ஏமாந்தவர்கள் என்று எள்ளுவதை முதலில் நிறுத்துவோம்; அந்த எள்ளலில் 1936இன் குரல் ஒளிந்திருக்கிறது. 1950 ஆணையின் 3ஆம் பத்தியை நீக்கும் கோரிக்கையைத் தலித் கிறித்தவர்களின் தனிக் கோரிக்கையாக விட்டுவிடாமல், சாதி ஒழிப்பு இயக்கங்கள் அனைத்தும் தம்முடையதாக ஏற்க வேண்டும். பங்கு வரும் என்ற அச்சம் பட்டியல் சாதி மக்களிடையே உண்டு. எண்ணிக்கை கூடினால் இடஒதுக்கீட்டின் அளவையும் கூட்டு என்று இணைந்து கேட்பதே அதற்கு விடை. சூசை வழக்கு கேட்ட தரவுகளைத் தொகுப்பதும் நம் வேலை. கல்லறை, திருவிழாத் தேர், பங்குப் பேரவை, கல்லூரிப் பணியிடங்கள் என ஒவ்வொன்றிலும் சபைக்குள் நிலவும் சாதியை ஊர் ஊராகப் பதிவு செய்ய வேண்டும்.

பிரசங்க மேடைகளில் நிற்பவர்களிடமும் ஒன்று கேட்போம். மெய்யான விசுவாசம் பற்றி அடுத்த ஞாயிறு பேசும்போது, எதிரே தரையில் அமர்ந்திருக்கும் தூய்மைப் பணியாளரையும் சுமைதூக்கும் தொழிலாளியையும் பார்த்து அக்கேள்வியைக் கேட்காதீர்கள். கல்லறையில் சுவர் வைத்த பங்குகளை நோக்கிக் கேளுங்கள். சாதி பார்த்துச் சம்பந்தம் பேசும் குடும்பங்களை நோக்கிக் கேளுங்கள். வேப்பேரியில் எழுந்து வெளியேறியவர்கள் இன்னும் திரும்பி வந்து பக்கத்தில் அமரவில்லை. அவர்கள் அமரும் நாளில், இயேசு யார் என்பதற்கு இந்த மண்ணில் விடை கிடைக்கும்.